எதிர்பார்க்காமல் போனால்

“ரொம்ப எதிர்பார்க்காமப் போங்க, படம் பரவால்ல.”

சுமாரான படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர் அடுத்தவருக்குச் சொல்லும் வாக்கியம் இது. சென்னையில் சொல்வது போலவே மலேசியாவிலும் சொல்கிறார்கள். பேராக் மாநிலத்தின் தெற்கு எல்லையில் பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கிறது தஞ்சோங் மாலிம். ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்விக்கூடமும் புரோட்டோன் கார் ஆலையும் இருக்கும் ஊர். சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. அங்கேயும் அதே வாக்கியம்தான்.

2024 பொங்கலையொட்டி, ஜனவரி 12ஆம் நாள், ஆர். ரவிக்குமார் இயக்கிய ‘அயலான்’ வெளியானது. பல ஆண்டுகள் இழுபட்டு வந்த படம். சிவகார்த்திகேயன் நாயகன், ரகுமான் இசை, வேற்றுக்கிரகவாசிக்கு சித்தார்த்தின் குரல், 4,500க்கும் மேற்பட்ட வரைகலைக் காட்சித் துண்டுகள். இத்தனையும் இருந்தும் சுமாராகவே தேறிய படம். அதே நாளில் தனுஷ் நடித்த ‘கேப்டன் மில்லர்’ வந்தது. அது வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக் கதை. ஒரே பொங்கலுக்கு இரண்டு அந்நியர்கள். ஒருவன் வானத்திலிருந்து இறங்கினான், இன்னொருவன் கடல் தாண்டி வந்தான்.

அந்த வாக்கியத்துக்கே திரும்புவோம். நின்று கேட்டால் அதில் வேதாந்த வாடை அடிக்கிறது. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்கிறது கீதையின் இரண்டாம் அத்தியாயம். திருக்குறளின் 37ஆம் அதிகாரத்துக்கு அவாவறுத்தல் என்றே பெயர். துன்பத்துக்கு வேர் ஆசை என்பதில் பௌத்தருக்கும் சமணருக்கும் சைவருக்கும் பெரிய சண்டை இல்லை. அப்படியானால், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு ஒரு படத்துக்குப் போகிறவர் தம்மை அறியாமல் ஒரு சின்னத் துறவைப் பழகுகிறாரா? சிறிய கேள்விதான். ஆனால் படம் அந்நியன் படையெடுப்பதைப் பற்றியது என்றால் கேள்வி அவ்வளவு சிறியதாக நிற்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவனிடம் என்ன எதிர்பார்ப்பது என்பது திரைக்கு வெளியே உயிரைக் காத்த கேள்வி, உயிரை வாங்கிய கேள்வி. தஞ்சோங் மாலிமின் வரலாறே அதற்குச் சாட்சி.

சோதித்துப் பார்க்க ஒரு படம் வேண்டும். 2025 ஜூலை 30 அன்று அமேசான் பிரைமில் வந்த ‘வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ அதற்குப் பொருந்தும். எச்.ஜி. வெல்ஸின் நாவலை இந்தக் காலத்துக்கு மாற்றிய படம். ரிச் லீ இயக்கினார். ஐஸ் கியூப் நடித்தார். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கண்காணிப்பு அதிகாரி ஒருவர் நாற்காலியை விட்டு எழாமல் கணினித் திரைகளின் வழியாகவே உலகம் அழிவதைப் பார்க்கிறார். வந்திறங்கிய இயந்திரங்கள் தின்பது தரவுகளை. அமேசான் பொட்டலம் கொண்டு வரும் இளைஞனும் பறக்கும் டிரோனும் உலகைக் காப்பாற்றக் கை கொடுக்கின்றன. விமர்சகர்கள் ஒருமுகமாகக் கைவிட்ட படம்.

இதைக் குறைந்த எதிர்பார்ப்போடு பார்க்க உட்கார்கிறவர் எப்படிப் பார்ப்பார் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த கதை. பத்தாவது நிமிடத்தில் கை கைப்பேசிக்குப் போகும். நடுவில் எழுந்து தேநீர் கலக்கப் போவார், “நிப்பாட்டட்டுமா?” என்று யாராவது கேட்டால், “ஓடட்டும்” என்பார். எதிர்பார்ப்பைக் குறைத்தபோதே கவனத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டார். இதைத் துறவு என்று சொல்ல முடியாது. ஏமாறக்கூடாது என்று முதலிலேயே குறைத்துப் பேசிய பேரம் இது. ஆசை அப்படியே இருக்கிறது, அடி படாமல் இருக்க ஒதுங்கி நிற்கிறது. கீதையும் குறளும் கேட்பது இதற்கு நேர் எதிரானது. பலனில் கை வைக்காதவன் செய்யும் வேலையில் முழுக் கையையும் வைக்கிறான். அந்தக் கணக்கில், எதையும் எதிர்பாராமல் படம் பார்ப்பவர்தான் அதை முழுதாகப் பார்க்க வேண்டும். தெரிந்த கதையை, தெரிந்த முடிவை, ஆண்டுதோறும் போய் முழுக் கண்ணோடு பார்க்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் பிறகு வரலாம்.

முழுக் கண்ணோடு பார்த்தால் இந்த மாதிரிப் படத்தில் என்னதான் கிடைக்கும்? கொஞ்சம் தொல்காப்பியம் கிடைக்கும். மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: மனிதனுக்கு மேற்பட்ட அணங்கு, விலங்கு, கள்வர், ஆள்கிற தலைவன். வேற்றுக்கிரகப் படையெடுப்புப் படம் ஒவ்வொன்றும் இந்த நான்கையும் ஒரே உடம்பில் திணிக்கிறது. வருகிறவன் வானத்து அணங்கு. அவன் உடம்பு ஊர்வனவோ பூச்சியோ என்று தெரியாத விலங்கு. வந்த நோக்கம் களவு. வந்து சேர்ந்ததும் ஆட்சி. நான்கும் ஒன்றாய்ச் சேர்ந்த ஓர் உருவம் மனித மனத்துக்கு வேறு எங்கே கிடைக்கும்? வியப்பாகிய மருட்கைக்கும் தொல்காப்பியர் நான்கு இடம் தருகிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று வேறொன்றாக ஆகிவிடும் ஆக்கம். ஊரையே மறைக்கும் விண்கலம் பெருமை. வெல்ஸின் கதையில் மனிதரின் பீரங்கியால் வீழாத செவ்வாய்வாசிகளைக் கண்ணுக்குத் தெரியாத பூமிக் கிருமிகள் கொல்கின்றன. அது சிறுமை. மட்டமான படமும் இந்த எட்டு இடங்களில் சிலவற்றைத் தொடாமல் தப்ப முடியாது. எங்கே தொட்டது, எங்கே கை நழுவவிட்டது என்று பார்த்துக்கொண்டிருப்பதே நல்ல ஒரு மாலைப்பொழுதுக்குப் போதும்.

இன்னொன்றும் தெரியவரும். வருகிறவன் எதைத் திருட வருகிறான் என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. 1996இன் ‘இண்டிபெண்டன்ஸ் டே’யில் வெட்டுக்கிளிக் கூட்டம் மாதிரி கிரகம் கிரகமாக வளத்தை மொட்டையடித்துக்கொண்டே வருகிறார்கள். 2011இன் ‘பேட்டில்: லாஸ் ஏஞ்சலஸ்’ படத்தில் தண்ணீருக்காக வருகிறார்கள். 2025இல் தரவு. அந்தந்தக் காலத்து மனிதன் எதை இழக்க அஞ்சுகிறானோ, சில சமயம் எதைத் தானே பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறானோ, அதையே வந்தவன் கேட்கிறான்.

இதை முதலில் எழுதிய வெல்ஸுக்கு அது தெளிவாகத் தெரிந்திருந்தது. 1897இல் பத்திரிகைத் தொடராகவும் 1898இல் புத்தகமாகவும் வந்த நாவல் அது. அண்ணன் பிராங்கோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பியர் போய் இறங்கியதால் டாஸ்மேனியப் பழங்குடிகளுக்கு நேர்ந்த அழிவு பற்றிப் பேச்சு வந்தது. அதிலிருந்தே கதை பிறந்தது. நாவலின் முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியர் பெயர் வருகிறது. நாம் அவர்களுக்குச் செய்ததை நமக்கு யாராவது செய்தால் எப்படியிருக்கும் என்று லண்டன்வாசிகளைக் கேட்ட கதை அது. அந்தக் கேள்வி எழுதப்பட்டபோது பேராக் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கைக்குள் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. பங்கோர் ஒப்பந்தம் 1874 ஜனவரியில் கையெழுத்தானது. பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்குப் போன விதையில் முளைத்த ரப்பர்க் கன்றுகள் 1877இல் கோலகங்சாரில் ஊன்றப்பட்டிருந்தன. பின்னால் அந்த மரத்துக்கென்றே கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்கள் தமிழர். மரமும் அயல், மரத்தை வெட்டியவனும் அயல், வெட்டச் சொன்னவனும் அயல்.

தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே, ரயில் பாதையையும் பெருஞ்சாலையையும் ஒட்டி, சிலிம் ரிவர் இருக்கிறது. 1942 ஜனவரி 7, விடிவதற்கு முன், துரோலாக் பக்கமிருந்து ஏறத்தாழ முப்பது ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு நேராக வந்தன. இருட்டில் இந்தச் சாலை வழியாக டாங்கி வரும் என்று காவல் நின்ற படை எதிர்பார்க்கவில்லை. சில மணி நேரத்துக்குள் 11ஆவது இந்தியப் படைப்பிரிவு உடைந்து போனது. தகர்ப்பதற்காக வெடி வைத்திருந்த பாலத்தின் கம்பியை ஜப்பானிய அதிகாரி ஒருவர் வாளால் அறுத்தார். நான்கு நாளில், ஜனவரி 11 அன்று, கோலாலம்பூர் விழுந்தது. அந்தச் சாலையின் இருபுறமும் இருந்தவை தோட்டங்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, இதுவரை கேட்டிராத இரும்புச் சத்தம் போவதைக் கேட்டிருந்தவர்களுக்கு வெல்ஸைப் படிக்க வேண்டிய தேவை இல்லை. அடுத்து வந்தது ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை. 415 கிலோமீட்டர் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர் அள்ளிச் செல்லப்பட்டார்கள். ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அதை நாவலாக்கி வைத்திருக்கிறார்கள்.

பத்தாண்டு கழித்து இன்னோர் அச்சம். மலாயா அவசரகாலத்தில், 1952 மார்ச் 25 அன்று, உடைக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைச் சரி செய்யப் போன குழுவை கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் ஊருக்கு வெளியே மறித்துச் சுட்டார்கள். 12 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் உதவி மாவட்ட அதிகாரி மைக்கேல் காட்னர். உலகப் போரில் ஜெர்மன் சிறைமுகாமிலிருந்து மரக்குதிரைக்கு அடியில் சுரங்கம் தோண்டித் தப்பிய மூவரில் அவரும் ஒருவர். அந்தக் கதை 1950இல் ‘த வுடன் ஹார்ஸ்’ என்று படமாகவும் வந்திருந்தது. திரையில் தப்பிய கதையின் நாயகன் தஞ்சோங் மாலிமில் தப்பவில்லை.

புதிதாகப் பதவியேற்றிருந்த உயர் ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் கடிந்துகொண்டார். நாளுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் பங்கீடு குறைப்பு, பள்ளிகள் மூடல், பேருந்து நிறுத்தம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் வந்தது: கம்யூனிஸ்டுகளைப் பற்றித் தெரிந்ததைப் பெயர் போடாமல் எழுது. பூட்டிய பெட்டிகளில் சேர்த்த படிவங்களைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய் ஊர்ப் பிரதிநிதிகளின் முன்னிலையில் திறந்தார்கள். ஊரடங்கு ஏறத்தாழ இரண்டு வாரம் நீடித்தது. படையெடுப்புப் படங்களில் எப்போதும் வரும் கட்டம் இது. நம்மில் யார் அவன் என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கும் கட்டம். படத்தில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தஞ்சோங் மாலிமில் அது நாள்கணக்கில் நீண்டது, ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தத் தாள் வந்தது. தாத்தா பாட்டியிடம் இதைக் கேட்டு வளர்ந்த ஒருவர் மட்டமான ஒரு படத்தில் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போது, நடிப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும், நெஞ்சில் ஓர் இடம் இறுகத்தான் செய்யும். படத்தின் திறமையில்லை அது. பார்ப்பவர் கொண்டு வந்தது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் தவறிவிடும்.

தமிழ்த் திரைக்கு வேற்றுக்கிரகம் புதிதல்ல. ‘அயலான்’ வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன், 1963இல், ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ வந்தது. அறிவியலில் முன்னேறிய ஒரு கிரகத்தில் கலை இல்லை. இசை கற்றுத்தர ஆள் தேடி அவர்கள் பூமிக்கு வருகிறார்கள். பாடகியான பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நம்பியார் வேற்றுக்கிரகவாசி. அட்டையும் தகரமும் தெரியும் விண்கலம், நாடகமேடை மாதிரி ஒரு கிரகம். படம் பெரிதாக ஓடவில்லை. இன்று பார்க்கிறவர் சிரிக்கக்கூடும். ஆனாலும் அந்தப் படத்தின் கேள்வி உலக சினிமாவில் அரிது. நம்மைவிட எல்லா வகையிலும் வலிமையான ஒருவன் நம்மிடம் வந்து கேட்கக்கூடியது என்ன? தண்ணீரில்லை, நிலமில்லை, பாட்டு. வேண்டியதைக் கேட்டு வாங்காமல் தூக்கிக்கொண்டு போனதுதான் அவர்கள் செய்த பாவம் என்று கதை நகர்கிறது.

பதினான்கு ஆண்டு கழித்து, 1977இல், நாசா வாயேஜர் கலங்களில் தங்கத்தட்டு வைத்து, யாராவது கேட்கட்டும் என்று பூமியின் பாட்டை அனுப்பியது. கேசர்பாய் கேர்கரின் இந்துஸ்தானி இசை அதில் இருக்கிறது. 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் அதில் உண்டு, தமிழ் இல்லை. தமிழில் பாட்டுக் கேட்டுத் தேடி வந்ததாகப் படம் எடுத்தவர்களின் மொழி அந்தத் தட்டில் இல்லாமல் போனது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது.

வேற்றுலகங்கள் என்ற எண்ணமும் தமிழருக்குப் பழையது. திருவாசகத்தில் திருவண்டப்பகுதி பாடிய மாணிக்கவாசகருக்கு அண்டங்கள் நூறு கோடிக்கும் மேல். வீட்டுக்குள் நுழையும் வெயிற்கீற்றில் மிதக்கும் தூசி அளவுக்கு அவை அவருக்குச் சிறிதாகத் தெரிகின்றன. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், படம் காட்டும் கருவியிலிருந்து திரைக்குப் போகும் ஒளியில் தூசியும் பூச்சியும் பறப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்த உவமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

ரவிக்குமார் தம் படத்துக்கு ‘அயலான்’ என்று பெயர் வைத்தார். படத்தின் மிகச் சிறந்த முடிவு அதுவே. அகராதியைப் புரட்டினால் அயலான் என்பதற்கு அண்டைவீட்டுக்காரன் என்றும் பொருள், அந்நியன் என்றும் பொருள். ‘அண்டை அயலார்’ என்றால் பக்கத்து வீடு. ‘அயல்நாடு’ என்றால் கடலுக்கு அப்பால். தமிழ் இந்த இருவருக்கும் ஒரே வேரில் பெயர் வைத்திருக்கிறது. படத்தில் வந்தவன் பூமியைக் காக்க வருகிறான். பூமியைத் துளைத்து அழிப்பவன் மனிதன். கதையாக அது நீர்த்துப் போகிறது, வில்லன் வெறும் அட்டை. ஆனால் பெயர் நிற்கிறது.

ஆங்கிலத்தில் வேறு கதை. 1933இல் மலாயாவில் வந்த குடிவரவுச் சட்டத்தின் பெயரிலேயே ‘ஏலியன்ஸ்’ என்ற சொல் இருந்தது. அது முக்கியமாகச் சீனரைத் தடுக்க வந்தது. இந்தியர் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அதற்குள் அடங்கவில்லை. பிறகு நாடு விடுதலை பெற்றது, கணக்கு மாறியது. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க உரிமம் வேண்டும் என்றானபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் மூட்டை கட்டித் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். மலாயா மண்ணிலேயே பிறந்து பால் வெட்டி முதுகு வளைந்தும் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய முதியவர்கள் உண்டு. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை (ஐ.சி.) வைத்திருப்பவருக்கு ‘ஏலியன்’ சினிமாச் சொல். சிவப்பு ஐ.சி.க்காரருக்கு அது ஒரு படிவத்தின் கட்டம். இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். அவர்களைப் பற்றித் தமிழர் வீடுகளில் சில சமயம் பேசப்படுவது, நூறாண்டுக்கு முன் தமிழரைப் பற்றிப் பேசப்பட்டதற்கு வெகு தூரத்தில் இல்லை. அவனிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதே என்ற தொனியும் அதில் உண்டு. படத்தைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியம், ஆளைப் பற்றிச் சொல்லும்போது தீர்ப்பாகிவிடுகிறது.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 1025இல் முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. கடாரம் என்பது இன்றைய கெடா. கடாரம் கொண்டான் என்ற பட்டத்தைச் சொல்லும்போது தமிழர் மார்பு விரிகிறது. 2019இல் மலேசியாவில் நடக்கும் கதைக்கு அதையே பெயராக வைத்து விக்ரம் நடித்த படமும் வந்தது. 1025இல் கெடாக் கரையில் நின்றிருந்த ஒரு மீனவனின் கண்ணுக்கு, தொடுவானத்தில் எழுந்த பாய்மரங்கள் எப்படித் தெரிந்திருக்கும்? அணங்காக, விலங்காக, கள்வராக, ஆளவந்த தலைவனாக. வெல்ஸ் லண்டனைக் கேட்ட கேள்வியைத் தஞ்சையும் ஒரு முறை கேட்டுக்கொண்டால் குறைந்துவிடாது.

முடிவு தெரிந்த கதையைப் பார்க்கப் போகிறவர்களிடம் இப்போது வரலாம். ஐப்பசியில் கந்தசஷ்டி. ஆறு நாள் விரதம், ஆறாம் நாள் சூரசம்ஹாரம். மலேசிய முருகன் கோவில்களிலும் சூரன் வருகிறான். அவன் தலை மாறுகிறது. யானைமுகம், சிங்கமுகம், பிறகு அவனுடைய சொந்த முகம். தலை ஆடும். தூக்கி வருபவர்களின் கால் தெரியும். வரைகலை எதுவும் கிடையாது. ஆனாலும் தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் தகப்பன் கண் எடுக்காமல் பார்க்கிறார். படம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. எதையும் எதிர்பார்க்காத பார்வை இங்கேதான் இருக்கிறது. அதில் கவனம் ஒரு துளியும் குறைவதில்லை.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் சூரபத்மன் 1,008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் பெற்றவன். ஹாலிவுட்டின் எந்தப் படையெடுப்பாளனுக்கும் அவ்வளவு பெரிய ஆட்சி எழுதப்படவில்லை. போரின் நடுவில் முருகன் தன் பேருருவைக் காட்டுகிறான். சூரன் வியந்து நிற்கிறான். கொஞ்ச நேரம் பகை மறந்து மனம் கரைகிறது. வணங்க எண்ணினாலும் மானம் தடுக்கிறது. உரு மறைந்ததும் பழைய கோபம் திரும்புகிறது. அச்சப்பட வேண்டிய எதிரிக்கே மருட்கை வந்த இடம் அது. கடைசியில் மாமரமாகி நிற்பவனை வேல் இரண்டாகப் பிளக்கிறது. ஒன்று மயிலாகிறது, ஒன்று சேவலாகிறது. ஒன்று வாகனம், மற்றது கொடி. படையெடுத்தவனின் கப்பலை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுக் கைதட்டும் படங்களோடு இதை வைத்துப் பார்க்கும்போது, நம் பாட்டிமார் எவ்வளவு கடினமான முடிவை எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது புரிகிறது.

பெரிய புராணத்தில் இதைவிடக் கடினமான ஒரு கதை இருக்கிறது. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சிவனடியார் வேடத்தில், ஏட்டுச் சுவடிக் கட்டுக்குள் கத்தி வைத்துக்கொண்டு வருகிறான். மன்னர் வேடத்தை வணங்குகிறார், அவன் குத்துகிறான். வாளை ஓங்கிய காவலன் தத்தனைத் தடுத்து, வந்தவனுக்கு ஊர் எல்லை வரை தீங்கு நேராமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அவன் பத்திரமாகப் போன செய்தி கேட்ட பிறகே உயிர் விடுகிறார்.

இதை யாருக்கும் நடத்தை விதியாகச் சொல்ல முடியாது. டாங்கிச் சத்தம் கேட்ட இரவில் லயத்தில் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவரிடம் போய் மெய்ப்பொருளாரைக் காட்டி உபதேசிப்பது கொடுமை. சேக்கிழார் சொல்லும் கதையின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது. மன்னர் தம் விஷயத்தில் ஏமாந்தார். ஆனால் அந்த ஒரு கத்தியை ஊரின் கோபமாகப் பெருக விடவில்லை. 1952இல் தஞ்சோங் மாலிமில் நடந்தது அதற்கு மறுபுறம். சுட்டவர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். அரிசி குறைந்தது ஊருக்கு. ஆட்சி நடத்துபவர் தம் தரப்பில் 12 உயிர் போன பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எளிய கேள்வி அல்ல. ஆனால் எல்லோரையும் அவனாக இருக்கக்கூடும் என்று எண்ணித் தொடங்கும் ஆட்சிக்கும், அவன்கூட நம்மவனாக இருக்கக்கூடும் என்று எண்ணி முடித்த ஒரு மன்னனின் உயிருக்கும் நடுவில்தான், அந்நியனைப் பற்றிய எல்லாக் கதையும் நடக்கிறது. ஐஸ் கியூப் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் படமும் அதே இடைவெளியில்தான் தடுமாறுகிறது: சொந்த மகளையே ஒளிந்து கண்காணிக்கும் ஒருவனிடம் வானத்திலிருந்து வந்தவனைப் பற்றிக் கேட்கிறது. நன்றாகக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் திருக்கல்யாணம். பந்தல் மாறுகிறது, நாதசுரம் மாறுகிறது, விரதம் இருந்தவர்கள் சாப்பிட உட்காருகிறார்கள். சூரனின் தலைகளை யாரும் எறிந்துவிடுவதில்லை. துடைத்து, உரிந்த வண்ணத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, வாகனங்கள் நிற்கும் அறையில், மயிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அடுத்த ஐப்பசி வரை அவனும் அந்தக் கோவிலுக்குள்தான் இருக்கிறான்.